மூத்தவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் ஓய்வு கேட்டுவிட்டார்கள், கூட்டத்தை நடத்துவதா நிறுத்துவதா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். பாதியைச் சொல்லிப் பாதியை விட்டால் "உங்க ஆளுங்களுக்குள்ள சண்டை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள், விஷயம் அப்படி இல்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாதத்தின் கடைசி ஞாயிறு மாலையில் நாங்கள் சிலர் கூடிப் பேசுவது பல வருடங்களாக நடக்கிறது. பெரிய பெயர் எல்லாம் கிடையாது. ஒரு கடைக்கு மேல் மாடியில் வாடகை அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை, அவ்வளவுதான். நம்மவர்கள் மலேசியாவுக்கு வந்த கதையும் வந்த பிறகு பட்டதும்தான் பேச்சு. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வந்த கங்காணி முறை, 1938ல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது, 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1947ல் கெடாவில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை, 1949ல் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் கணபதி என்று மாதம் ஒன்று எடுத்துக்கொள்வோம். காஜாங்கிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் கல்லூரிப் பிள்ளைகள் கேடிஎம் ரயில் பிடித்து வருவார்கள். இந்தக் கதையெல்லாம் அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க மாட்டார்கள், வீட்டிலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதைத் தாங்கி வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா, எந்த வருடம் எந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று தாளைப் பார்க்காமல் சொல்வார். இன்னொருவர் வக்கீல் அக்கா, பேச்சு சூடானால் குரலை உயர்த்தாமல் அடக்கிவிடுவார். மூன்றாமவரை ரயில்வே அண்ணன் என்போம். ரயில்வேயில் இருந்தது அவர் தாத்தா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். பழைய புகைப்படம், வரைபடம், கடிதம் எது வேண்டுமானாலும் அண்ணன்தான் தேடிக் கொண்டுவருவார்.

முதலில் ஐயா கூப்பிட்டு, உடம்பு முன்னைப்போல் இல்லை, கொஞ்ச நாள் வரமாட்டேன் என்றார். அடுத்து அக்கா, அம்மா படுத்த படுக்கை, நீதிமன்ற வேலையும் சேர்ந்துகொண்டது, எப்போது திரும்புவேன் என்று சொல்ல முடியாது என்றார். இது இரண்டும் எனக்குப் புரிகிறது. மூன்றாவதுதான் மனதை அறுக்கிறது. அக்கா இல்லாமல் நடந்த கூட்டத்தில், 1941 வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பேசிக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த ஒரு தம்பி எழுந்து அண்ணனைக் கையைக் காட்டி, "உங்க தாத்தா மாதிரி ஆளுங்கதான் கிராணியா இருந்து எங்க தாத்தாவை அடிச்சாங்க, நீங்க எப்படி அதைப் பத்திப் பேசறீங்க?" என்று கேட்டுவிட்டார். கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்தார் பலர் அந்த வேலையில் இருந்தார்கள். அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் கையில் இருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். கடைசி வரை உட்கார்ந்திருந்தார், கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுத்தான் படியிறங்கினார். மறுநாள் காலையில் "சிறிது காலம் விலகியிருக்கிறேன், எல்லோருக்கும் நன்றி" என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

அடுத்த தலைப்பு சயாம் மரண ரயில்பாதை, ஜப்பான்காரன் காலத்தில் நம் ஆட்களைக் கொண்டுபோய்ப் போட வைத்த பாதை. சயாமுக்குப் போய்த் திரும்பி வந்த ஒருவரின் மகன் கோலசிலாங்கூரிலிருந்து வந்து பேசச் சம்மதித்திருக்கிறார். அவருக்கும் வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஐயாதான் முன்னுரை சொல்வதாக இருந்தது, அண்ணன் வரைபடம் கொண்டுவருவதாக இருந்தது.

வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். "அவங்க வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் "அப்போ அடுத்த மாசம் பார்ப்போம்" என்கிறார்கள். நான் குறிப்பு எடுக்கிறவள், மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. மூவரும் திரும்பும் வரை தள்ளிப்போடலாமா? இல்லை, நாலு பேர் சேர்ந்து ஒவ்வொருவர் வீடாகப் போய்க் கூப்பிடலாமா? அல்லது இருக்கிறவர்களை வைத்தே நடத்தலாமா? இதுபோல் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


கிள்ளான் மணி எழுதியது:

தங்கச்சி, தள்ளிப்போடாதீர்கள். முதல் முறை தள்ளுவதுதான் கஷ்டம், இரண்டாவது முறை சுலபமாகத் தள்ளிவிடுவோம், மூன்றாவது முறை தள்ளினோம் என்பதையே யாரும் கவனிக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் எத்தனையோ இளைஞர் மணிமன்றம், படிப்பகம் எல்லாம் அப்படித்தான் போயின. யாரும் மூடவில்லை, அடுத்த மாதம் அடுத்த மாதம் என்றே போய்விட்டன.

நீங்களே 1941ஐ எடுத்துப் பேசியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வருடம் மே மாதம் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச். நாதனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஆளைத் தூக்கிவிட்டால் தோட்டம் அடங்கிவிடும் என்றுதான் நினைத்தார்கள். நடந்தது வேறு, வேலைநிறுத்தம் இன்னும் பல தோட்டங்களுக்குப் பரவியது, பட்டாளத்தை இறக்க வேண்டி வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள், நாதனை நாடு கடத்தினார்கள். ஆளைத் தூக்கியும் அது எப்படிப் பரவ முடிந்தது? கோரிக்கை என்ன என்பது நாதனுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இல்லை. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எனக்கும் கொடு, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கு என்று சொல்லாதே, கள்ளுக்கடையை மூடு, என்று ரப்பர் சீவுகிற பெண்ணும் சொல்லத் தெரிந்து வைத்திருந்தாள். உங்கள் கூட்டத்தில் வரலாறு ஐயாவின் தலைக்குள்ளும் வரைபடம் அண்ணனின் பைக்குள்ளும் இருக்கிறது, கஷ்டம் அங்கேதான்.

இன்னொன்று. கோலசிலாங்கூர்ப் பெரியவருக்கு வயது எண்பதுக்கு மேல் என்கிறீர்கள். அவர் காத்திருப்பாரா? முன்னுரை இல்லாவிட்டால் பரவாயில்லை. அப்பா சொன்னதை மகன் சொல்லப் போகிறார், அதைக் கேட்க நாலு பேர் இருந்தால் போதும். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர் சம்மதித்தால் மட்டும். வந்துபோக கார் வேண்டுமென்றால் நான் கிள்ளானிலிருந்து போய் ஏற்றி வருகிறேன், உண்மையாகத்தான் சொல்கிறேன்.


பினாங்குப் பேத்தி எழுதியது:

வணக்கம் அக்கா. ஜார்ஜ்டவுனில் பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் நாங்களும் இதுபோல் கூடுவோம். இங்கே பேச விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. 1816ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்தே ஆரம்பிக்கலாம், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியாத் தெரு என்று எதைத் தொட்டாலும் ஒரு மாலைப் பொழுது போதாது. எங்களுக்கும் ஒரு பெரியவர் இருந்தார். எல்லாம் அவர்தான். மகளோடு இருக்கப் போகிறேன் என்று ஆஸ்திரேலியா புறப்பட்டுவிட்டார், எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

அவர் இடத்தில் இன்னொருவரை உட்காரவைத்துப் பார்த்தோம். பாவம், அந்த அண்ணன் நன்றாகத் தயார் செய்துகொண்டுதான் வந்தார், ஆனால் எல்லோரும் அவரைப் பழையவரோடு ஒப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள், அவரும் அதை உணர்ந்துவிட்டார். அப்புறம் ஒரு அக்கா சொன்ன யோசனையால்தான் பிழைத்தோம். இனி சொற்பொழிவு வேண்டாம், ஆளுக்கு ஒரு பொருளோ காகிதமோ வீட்டிலிருந்து கொண்டுவரட்டும், அதைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லட்டும், தெரியாததை மற்றவர்கள் சேர்ந்து தேடட்டும் என்றார்.

அப்படி வந்த முதல் கூட்டத்தை மறக்க முடியாது. ஒரு வார்த்தை பேசாமல் பின்வரிசையில் உட்கார்ந்து, தேநீர் மட்டும் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போகும் ஒரு அம்மா, பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தார். உள்ளே ரஜூலா கப்பல் டிக்கெட், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு, டெக் பயணம். கூடவே ஓரம் எல்லாம் கிழிந்து மடிப்பில் செல்லோடேப் ஒட்டிய அம்மை குத்திய சான்றிதழ். அதற்குக் கீழே அவர் பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாமல் இங்கே தங்கியிருப்பவர்களுக்குக் கொடுப்பது. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அவர் பேச ஆரம்பித்தார். பாட்டி கப்பலில் வந்து இறங்கியதும் ஜெரேஜாக் தீவில் தனிமை முகாமில் இருந்தது, பிள்ளைகள் எல்லாம் இங்கே பிறந்தும் கடைசி வரை பாட்டிக்குக் குடியுரிமை கிடைக்காதது, 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் இல்லை என்று சித்தப்பாவைத் தோட்டத்தில் நிறுத்திவிட்டது, அவர் குடும்பத்தோடு கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனது, போனவர்களோடு தொடர்பே விட்டுப்போனது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற அந்தச் சட்டத்தைப் பற்றி நாங்கள் முன்பே ஒரு கூட்டம் போட்டிருந்தோம், பெரியவர் அருமையாகப் பேசினார். அன்றும் அந்த அம்மா அங்கேதான் இருந்தார். பெரியவர் பேசுகிற இடத்தில் நாம் என்ன பேசுவது என்று இருந்துவிட்டாராம்.

நான் பெரியவரைக் குறை சொல்லவில்லை, அவர் யாரையும் பேசவேண்டாம் என்று சொன்னவரே இல்லை. நன்றாகப் பேசுகிற ஒருவர் எதிரே இருக்கும்போது மற்றவர்கள் தானாக அடங்கிப்போகிறோம், அது மரியாதைதான், ஆனால் அதனால் எவ்வளவோ டின்கள் திறக்கப்படாமலே இருக்கின்றன. உங்கள் சயாம் கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரையும் வீட்டில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்: நம் குடும்பத்தில் யாராவது சயாமுக்குப் போனார்களா, திரும்பினார்களா? இல்லை என்ற பதிலும் பதில்தான்.


ஓய்வில் இருப்பவள் எழுதியது:

நான் பெட்டாலிங் ஜெயாவில் இதுபோன்ற ஒரு கூட்டத்தை ரொம்ப காலம் நடத்தி, பிறகு ஒதுங்கியவள். உங்கள் ஐயாவும் அக்காவும் இருக்கும் இடத்திலிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் வெளிப்படையாகச் சொன்னால் வருத்தப்படாதீர்கள்.

வீடு வீடாகப் போய்க் கூப்பிடாதீர்கள். என் வீட்டுக்கு வந்தார்கள். பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு காரில் ஐந்து பேர். "நீங்க இல்லாம ஒண்ணுமே நடக்கல டீச்சர்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருடம் நான் சுமந்தது யாருக்குமே கைமாறவில்லை என்பதுதான் அந்த வாக்கியத்தின் அர்த்தம். அவர்கள் போன பிறகு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. ஓய்வு கேட்டவரிடம் போய் நீங்கள் இல்லாவிட்டால் செத்துவிடுவோம் என்று சொல்வது ஓய்வைப் பிடுங்கிக்கொள்வதுதான்.

அடுத்தது, தயவுசெய்து பாராட்டு விழா வைக்காதீர்கள். நம் ஆட்களுக்கு ஒருவர் கொஞ்சம் தள்ளி நின்றால் உடனே பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசு, வாழ்த்துக் கவிதை என்று இறங்கிவிடுவார்கள். பொன்னாடை போர்த்திவிட்டால் அந்த மனிதர் எந்த முகத்தோடு ஆறு மாதம் கழித்துச் சும்மா வந்து பின்வரிசையில் உட்காருவார்? இடைவெளி கேட்டவரை வழியனுப்பி வைத்துவிடுகிறோம். "கௌரவ ஆலோசகர்" பதவியும் அப்படித்தான், வேலையும் இருக்காது, விடுதலையும் இருக்காது.

களைப்பு என்று நாங்கள் சொல்வது உடம்புக் களைப்பு மட்டும் இல்லை. எந்தச் சண்டை வந்தாலும் தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். இரவு பதினொரு மணிக்குப் போன் வரும், அவர் இப்படிப் பேசிவிட்டார், இவர் அப்படி எழுதிவிட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார் என்று. அறை வாடகை, சாவி, தேநீர், பேச்சாளர் வரவில்லை என்றால் அவர் இடத்தில் பேச்சு, எல்லாமே என்னிடம். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நான் புதிதாக ஏதாவது படித்து வருடக்கணக்காகிவிட்டது என்று ஒரு நாள் உறைத்தது. பழையதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன், கேட்பவர்கள் முதல் முறை கேட்பதால் அவர்களுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. இப்போது காலையில் படிக்கிறேன். மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வரை போகிறேன். 1966ல் கோலாலம்பூரில் தனிநாயகம் அடிகள் முன்னின்று நடத்திய முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டின் கட்டுரைத் தொகுப்பைப் பொறுமையாக உட்கார்ந்து வாசிக்கிறேன். கூட்டம் நடத்திய காலத்தில் அந்த மாநாட்டைப் பற்றி எத்தனையோ முறை மேடையில் சொல்லியிருப்பேன், கட்டுரைகளை முழுக்க வாசிக்க நேரம் கிடைத்ததில்லை.

ஆகவே ஐயாவிடம் கேட்கக்கூடியது ஒன்றுதான்: சாவி, நோட்டுப்புத்தகம், தொடர்பு எண்கள், இதை யாரிடம் கொடுக்கலாம் என்று கேளுங்கள். எப்போது வருவீர்கள் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் உங்கள் குறிப்பின் ஒரு பிரதியை மட்டும் அனுப்பி வையுங்கள், பதில் எதிர்பார்க்காமல். எனக்கு அப்படி ஒரு பெண் அனுப்புகிறாள். படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் திருத்தம் எழுதி வைத்துக்கொள்கிறேன்.


ஸ்காட் ரோட்டுக்காரி எழுதியது:

மேலே டீச்சர் சொன்னது ஐயாவுக்கும் அக்காவுக்கும் சரி. அண்ணன் கதை வேறு, அதை இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். அவர் ஓய்வு எடுக்கவில்லை, காயப்பட்டுப் போயிருக்கிறார். அவர் ஓய்வில் இருக்கிறார் என்று எல்லோரும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு சும்மா இருந்தால், அவர் பார்வையில் அந்த அறையே அந்தத் தம்பியோடு சேர்ந்து நின்றதாக ஆகிவிடும்.

என் குடும்பமும் அண்ணனைப் போல யாழ்ப்பாணத்துக்காரர்கள்தான், அம்மம்மா கந்தசுவாமி கோயிலுக்குக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போன காலத்திலிருந்தே இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். அதனால் இரண்டையும் சொல்கிறேன். தோட்டத்தில் கிராணிமார் கொடுமை செய்தது உண்மை, கொடுமைக்காரர்களை நீக்க வேண்டும் என்பது 1941 கோரிக்கையிலேயே இருந்தது, அதை மூடி மறைக்க எங்களுக்கு உரிமை இல்லை. இங்கிலீஷ் படித்த காரணத்தால் வெள்ளைக்காரன் எங்களை ஒரு படி மேலே வைத்தான், நாங்களும் அதைப் பெருமையாக நினைத்து, கூலிக்கு வந்தவர்களோடு பந்தியில் உட்காராமல், பெண் கொடுக்காமல் இருந்தோம். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு இருந்தது. அதே நேரத்தில் ஸ்டேஷனில் கொடி பிடித்தவரையும் சிக்னல் பெட்டியில் இரவு முழுக்க விழித்திருந்தவரையும் தோட்டத்துக் கிராணியோடு ஒன்றாகக் கட்டுவதும் சரியில்லை.

அந்தத் தம்பியின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது, அதைக் கூட்டத்தில் பேசத்தான் வேண்டும். ஆனால் "யாழ்ப்பாணத்தார் தோட்டத்தில் என்னவாக இருந்தார்கள்?" என்று கேட்டால் அதற்குத் தாள் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, பதில் தேடலாம். "உங்க தாத்தா" என்று கை நீட்டினால் மனிதர் என்ன பதில் சொல்வார்? அன்று ஒருவராவது "தம்பி, கேள்வியை மாத்திக் கேளுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அக்கா இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தீர்கள்.

ஆகவே அக்கா, நீங்கள் ஒருவர் மட்டும் போங்கள். கும்பலாக வேண்டாம். திரும்பி வாருங்கள் என்று சொல்ல வேண்டாம். அன்று அப்படி நடந்தது தவறு, நாங்கள் பேசாமல் இருந்தோம், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு, அவர் கொடுக்கிற தேநீரைக் குடித்துவிட்டு வாருங்கள். தம்பியிடமும் யாராவது தனியாகப் பேசுங்கள், அவரைத் துரத்திவிடாதீர்கள், அவர் தாத்தாவின் கதையும் யாரோ கேட்க வேண்டிய கதைதான்.


செந்தூல் கணக்கர் எழுதியது:

எல்லோரும் மனதைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், நான் காசைப் பற்றிக் கேட்கிறேன். வாடகை எந்தக் கணக்கிலிருந்து போகிறது? கையெழுத்து யாருடையது? மூவரில் இருவர் கையெழுத்துப் போடுகிறவர்களாக இருந்தால் ஓய்வு காலத்தில் வாடகை நின்றுபோகும், வீட்டுக்காரர் அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார், அப்புறம் எந்த யோசனையும் உதவாது.

பதிவு செய்திருக்கிறீர்களா என்பதும் முக்கியம். 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இயங்கினால் அது சங்கம் என்ற கணக்கில் வரும். பதிவு பெற்றதாக இருந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் பொறுப்பாளர் பட்டியலும் கணக்கும் சங்கப் பதிவு இலாகாவுக்குப் போயிருக்க வேண்டும், பட்டியலில் இன்னும் அந்த மூவர் பெயரே இருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வில் இருப்பவர் பெயரில் பொறுப்பை வைத்துவிட்டு வேலையை மட்டும் வேறொருவர் செய்வது இரண்டு பேருக்கும் தொல்லை.


பிரிக்பீல்ட்ஸ் வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை, செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

கூட்டம் நடக்கும், தள்ளிப்போடவில்லை. கிள்ளான் அண்ணே, கோலசிலாங்கூர்ப் பெரியவரிடம் கேட்டேன், காரில் வரச் சம்மதம் என்றார், உங்கள் எண்ணை அவர் மருமகளிடம் கொடுக்க எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். அவர் பதிவு செய்யலாம் என்கிறார், ஆனால் இரண்டு பெயர்களை மட்டும் வெளியே சொல்லக்கூடாது என்றார், அந்தக் குடும்பங்களுக்கு இன்னும் தெரியாதாம். அதை மதிப்போம்.

பினாங்குத் தங்கச்சி சொன்ன கேள்வியைக் குழுவில் போட்டேன். கல்லூரிப் பிள்ளைகளில் ஒருத்தி அன்றிரவே பதில் போட்டாள், அவள் கொள்ளுத் தாத்தாவும் அவர் தம்பியும் போனார்கள், 1943 அக்டோபரில் பாதை இணைந்த பிறகும் பராமரிப்புக்கு என்று அங்கேயே வைத்திருந்தார்கள், தம்பி திரும்பவில்லை என்று. இது அவளுக்கே அன்றுதான் தெரிந்ததாம், அவள் அப்பா மேசையை விட்டு எழாமல் சொல்லிக்கொண்டே இருந்தாராம். முன்னுரை அவளே சொல்லட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஐயாவுக்குப் பாராட்டு விழா வைக்கலாம் என்று உண்மையிலேயே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன், நிறுத்திவிட்டார்கள்.

அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போனேன். ஸ்காட் ரோட்டு அக்கா, நீங்கள் சொன்னபடியே சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அவர் மனைவிதான் பேசினார், அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை என்றார். வருவதாக அண்ணன் சொல்லவில்லை. அந்தத் தம்பி எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அந்தத் தோட்டத்தின் பழைய பெயர் வேறு என்றார், அவ்வளவுதான். தம்பியிடம் நம் பையன் ஒருவன் பேசியிருக்கிறான், அவர் அடுத்த கூட்டத்துக்கு வருகிறார். வந்தால் அவர் தாத்தாவைப் பற்றி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.

கணக்கர் சார், நீங்கள் கேட்டது சரியாகப் போய்ச் சுட்டது. பதிவு இல்லை. பணம் ஐயாவும் அக்காவும் சேர்ந்து திறந்த கணக்கில் இருக்கிறது. வாடகை இன்னும் ஒரு மாதத்துக்குத்தான் கட்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?


செந்தூல் கணக்கர் எழுதியது:

பதிவு இல்லை என்றால் வங்கியைப் பொறுத்தவரை அது அவர்கள் இருவரின் சொந்தப் பணம், உங்கள் தீர்மானத்தைக் காட்டி ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் அவர்களைத் தொந்தரவு செய்யுங்கள். முதலில் வரவு செலவை எழுதி, மிச்சம் எவ்வளவு என்று இருவரிடமும் காட்டிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அக்காவுக்கு அம்மாவை விட்டுவர முடியாத நிலை என்றால், ஐயா மட்டும் வந்தால் போதுமா, இருவரும் வர வேண்டுமா என்று கணக்குத் திறந்த கிளையில் முன்கூட்டியே கேளுங்கள், கணக்குத் திறக்கும்போது எப்படி எழுதிக் கொடுத்தார்களோ அதைப் பொறுத்தது. பணத்தை இப்போதைக்கு இரண்டு புதியவர்கள் பெயருக்கு மாற்றி, யார் பெயரில் இருக்கிறது, எதற்கு என்று ஒரு தாளில் எழுதி வந்திருப்பவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். வாடகைக்கு மூன்று மாதம் முன்பணம் கட்டிவிடுங்கள். பதிவு வேலையை அடுத்த வாரம் தொடங்குவோம், சட்டவிதி எழுத நான் வந்து உட்காருகிறேன். கடைசி ஞாயிறு எத்தனை மணிக்கு?